நோய் திரும்புமுன் தெரிந்துகொள்ள முடியுமா?

(உதகையில் நடைபெற்ற நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

மனநோய்க்கு மாத்திரை வாங்கவும் பஸ் செலவுக்கும் நம்மிடம் மாதாமாதம் உதவி பெறும் குடும்பங்கள் சில உண்டு. அவர்கள் யார் என்பது நிர்வாகக் குழுவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அந்தக் குடும்பங்களில் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பாய், போனை வைத்தே நோய் திரும்ப வருவதைச் சொல்லிவிடும் செயலி வந்திருக்கிறதாமே? பையன் போனில் அவனுக்குத் தெரியாமல் போட்டுக் கொடுங்கள்." இதைக் கேள்விப்பட்ட ஒரு நல்ல மனிதர், போன் வாங்கிக் கொடுக்கும் செலவு என்னுடையது என்று முன்வந்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

இது பற்றிக் குழுவில் மஷூரா செய்தோம். அதற்காகப் படித்தறிந்த செய்திகளையும், நாங்கள் எடுத்த முடிவையும் உங்கள் முன் வைப்பது என் பொறுப்பு.

ஒரு வாரம் முன்பே தெரிந்தால்

மனச்சிதைவு, இருமுனை மனநிலைக் கோளாறு ஆகிய இரண்டும் கடுமையான மனநோய்கள். சர்க்கரை நோயைப் போல இவையும் நீண்ட நாள் உடன் வருபவை. மருந்தினால் அடங்கி இருக்கும். ஆள் வேலைக்குப் போவார், தொழுகைக்கு வருவார், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவார். பிறகு ஒரு நாள் நோய் மறுபடி கிளம்பும். அப்போது போவது வேலை மட்டுமல்ல. சில குடும்பங்களில் திருமண உறவே முறிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பழைய நிலைக்கு வர அதிக நாள் பிடிக்கலாம்.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. நம் நாட்டில் கடுமையான மனநோய் உள்ள நால்வரில் ஏறக்குறைய மூவர் சிகிச்சை பெறாமல் இருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் பாதியில் நின்றுபோகும் ஆபத்து உண்டு.

நம் மலையில் இன்னொரு சிரமமும் சேர்கிறது. நிலைமை முற்றிக் கோவைக்குப் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் மலைப்பாதை. பெங்களூரு போக மைசூர் சாலையில் பந்திப்பூர் காட்டைக் கடக்க வேண்டும். அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்குத் தடை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்த வழியும் இல்லை. தூக்கமில்லாமல், பயந்து, யாரையும் நம்பாமல் இருக்கும் ஒரு மனிதரை நள்ளிரவில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்குவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு வாரம் முன்பே தெரிந்தால் உதகையிலேயே மருத்துவரைப் பார்த்து, மருந்தைச் சரிசெய்து, வீட்டிலேயே சமாளித்துவிடலாம் என்று அந்தத் தாய்மார்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

நோய் திரும்பப் போகும் ஒருவரின் அன்றாட நடையில் முதலில் மாற்றம் தெரியும். இரவில் தூங்காமல் போனைப் பார்ப்பார். வழக்கமாகப் போகும் இடங்களுக்குப் போகமாட்டார். அல்லது இலக்கில்லாமல் அலைவார். நம் பையில் இருக்கும் போனுக்கு இவை தெரியும். எங்கே இருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் சொல்கிறது. நடக்கிறோமா அசையாமல் இருக்கிறோமா என்பதை உள்ளிருக்கும் அசைவு உணரி சொல்கிறது. திரை எப்போது ஒளிர்ந்தது, எப்போது அணைந்தது என்பதும் பதிவாகிறது. ஒருவருடைய வழக்கம் என்ன என்று முதலில் கணினி கற்றுக்கொள்ளும். பிறகு அந்த வழக்கத்திலிருந்து அவர் விலகும் நாட்களைக் குறித்து வைக்கும். மற்றவரோடு ஒப்பிடாமல் அவரை அவரோடேயே ஒப்பிடுவதுதான் இந்த முறை.

2018இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மனச்சிதைவு உள்ள 17 பேரை மூன்று மாதம் வரை இப்படிக் கவனித்த ஆய்வு வெளிவந்தது. நோய் திரும்புவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் வழக்கம் மாறிய நிகழ்வுகள் மற்ற நாட்களைவிட 71 சதவீதம் அதிகமாக இருந்தன. பதினேழு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் வழி திறந்தது.

அடுத்த பெரிய முயற்சியில் நம் நாடும் பங்கேற்றது. பெங்களூரு, போபால், பாஸ்டன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே ஆய்வு நடந்தது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ், போபாலில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம், பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை ஆகியவை இணைந்து நடத்தின. 'மைண்ட்லேம்ப்' என்பது அவர்கள் பயன்படுத்திய செயலி. அதன் மென்பொருள் யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டது. பங்கேற்றவர்கள் விரும்பிச் சேர்ந்து, ஓராண்டு வரை பயன்படுத்தினார்கள். மனநிலை எப்படி என்று செயலி கேட்கும் கேள்விகளுக்கும் பதில் கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நோய் திரும்புவதற்கு முந்தைய மாதத்தில், வழக்கம் மாறிய நிகழ்வுகள் 2.12 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். கேள்விகளுக்குச் சொன்ன பதிலை மட்டும் வைத்துக் கணிப்பதைவிட, போன் தானாகப் பதிந்த விவரங்களையும் சேர்த்துக் கணித்தது மேலாக இருந்தது.

இது நல்ல செய்தி. நம் நாட்டு நோயாளிகளிடமே சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதால் கூடுதல் மதிப்பு உண்டு.

அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்த இடத்தில் நாம் நிதானிக்க வேண்டும். முதலாவது, அந்த ஆய்வில் கணக்கு பின்னாலிருந்து போடப்பட்டது. யாருக்கு நோய் திரும்பியது என்று தெரிந்த பிறகு, பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே சொல்லி ஒருவரைக் காப்பாற்றுவது இதற்கு அடுத்த படி.

இரண்டாவது, இரண்டு மடங்கு என்றால் எச்சரிக்கை வந்தவருக்கெல்லாம் நோய் வரும் என்று பொருள் அல்ல. கடைக் கணக்கு மாதிரி ஒன்று போட்டுப் பார்ப்போம். இது விளங்குவதற்காக நான் போடும் கணக்கு. நூறு நோயாளிகள் இருக்கிறார்கள். இந்த மாதம் அவர்களில் 4 பேருக்கு நோய் திரும்பப் போகிறது என்று வையுங்கள். கருவி அந்த நால்வரில் மூவரைச் சரியாகப் பிடித்துவிடுகிறது. நன்றாக இருக்கும் 96 பேரில் 20 பேருக்கும் தவறாக மணி அடிக்கிறது. ஆக 23 பேருக்கு மணி அடித்தது. உண்மையில் நோய் திரும்பியது மூவருக்கு. மீதி இருபது வீடுகளில் என்ன நடக்கும்? அம்மா பயந்து அழுவார், அண்ணன் கையைப் பிடித்து இழுப்பார். மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் செய்தி போகும். நன்றாக இருந்த பையன் அதனாலேயே நிலைகுலையக்கூடும். விடுபட்ட நான்காவது வீட்டிலோ, "மணி அடிக்கவில்லையே" என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

அப்படியானால் மணி அடித்ததும் ஓடி வந்து பக்குவமாகப் பேசிப் பார்க்க, விவரம் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் மணிக்கு என்ன பயன்?

நம் மலையில் இது எப்படி நடக்கும்?

நம் ஊர் நிலைமையையும் பாருங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஸ்மார்ட்போன் இருப்பது சாதாரணம். பகலில் அம்மா கையில், மாலையில் படிக்கும் பிள்ளை கையில். இரவு ஒரு மணிக்குத் திரை ஒளிர்ந்தால் விழித்திருந்தது யார் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? கொழுந்து பறிக்கப் போகிறவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு மேடும் பள்ளமுமாக நாள் முழுதும் நடக்கிறார். போனோ அவர் அசையவே இல்லை என்று சொல்லும். பள்ளத்துத் தோட்டங்கள் பலவற்றில் டவர் கிடைக்காது. ஒரு வாரம் அடைமழை பெய்தால் ஊரே வீட்டுக்குள் இருக்கும்.

ரமளானை எண்ணிப் பாருங்கள். சஹருக்கு எழுகிறோம், தராவீஹுக்குப் பிறகு தாமதமாகப் படுக்கிறோம், பகலில் சற்றுக் கண் அயர்கிறோம். நம் வழக்கம் அறியாத கணினிக்கு, பிறை பார்த்த மறுநாளே மஹல்லா முழுவதற்கும் நோய் திரும்பிவிட்டது போலத் தோன்றலாம்!

சிரிக்கிறீர்கள், ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவது உண்மையிலேயே ஆபத்து. லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் நீண்ட நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தால், ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். ஆகவே ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்பவரை யாரும் ஏளனமாகப் பேசக் கூடாது.

வீட்டில் இருக்கும் கண்கள்

செயலி வருவதற்கு வெகு காலம் முன்பே, 1980இல், அமெரிக்காவில் ஹெர்ஸ், மெல்வில் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோய் திரும்புமுன் மாற்றம் ஏதும் தெரிந்ததா என்று கேட்டபோது, நோயாளிகளில் 70 சதவீதமும் குடும்பத்தினரில் 93 சதவீதமும் ஆம் என்றார்கள். அதுவும் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னதுதான். ஆனாலும் அந்த 93ஐ மறந்துவிடாதீர்கள். வீட்டாரின் கண்ணுக்கு ஏற்கெனவே தெரிகிறது. "பார்த்தோம், ஆனால் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை", "பார்த்தோம், ஓதிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று இருந்தோம்" என்பதுதான் நம் வீடுகளில் கேட்கும் பேச்சு. ஓதுவதை நான் தடுக்கவில்லை. துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம். ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை மனச்சிதைவு வந்து குணமானவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு 1999இல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அது கண்டது. மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் தெரியும் செய்தி இது. பஸ் செலவுக்குக் காசில்லாமலும், உடல் பருக்கிறது, கை நடுங்குகிறது என்ற காரணத்தாலும் நின்றுபோன மாத்திரைகள்தான் நம்மிடம் வரும் குடும்பங்களில் அதிகம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

அவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம்

இப்போது "அவனுக்குத் தெரியாமல்" என்ற சொல்லுக்கு வருகிறேன். மனச்சிதைவு உள்ள பலருக்கு வரும் அச்சம் என்ன? என்னை யாரோ வேவு பார்க்கிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்பதுதான். அப்படியெல்லாம் யாருமில்லை என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். நாமே அவர் போனில் ரகசியமாக ஒன்றைப் போட்டு, அது ஒரு நாள் அவர் கண்ணில் பட்டால், அவருடைய பயத்தை நாமே உண்மையாக்கிவிட்டோம் அல்லவா? அதன் பிறகு நாம் கொடுக்கும் மாத்திரையை அவர் எப்படி நம்புவார்?

பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதை சூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பதை நாம் அறிவோம். மனம் நோயுற்றவர் அந்தக் கட்டளைக்கு வெளியே போய்விடவில்லை. நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைப்பதை அவரது உரிமையாக்கியிருக்கிறது. ஒருவருடைய விவரங்களைத் திரட்ட அவர் புரிந்துகொண்டு கொடுக்கும் சம்மதம் வேண்டும், அதை அவர் திரும்பப் பெறலாம் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவர் எங்கே போகிறார், எப்போது தூங்குகிறார் என்ற விவரம் ஓர் அமானிதம். அது வேலை கொடுப்பவர் கையிலோ சம்பந்தம் பேச வருபவர் கையிலோ சிக்கினால் திரும்ப எடுக்க முடியாது.

நம் சமுதாயம் இதில் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு தேதி போதும்: 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை அன்பில்லாதவை அல்ல. வேறு வழி தெரியாதவை. தர்காவை நம்பி எல்லா மதத்தவரும் அங்கே வந்திருந்தார்கள். இன்று சங்கிலியிடுவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. பயத்தினால் கட்டிப்போட்ட அந்தப் பழக்கம், கண்ணுக்குத் தெரியாத வடிவத்தில் போன் வழியாகத் திரும்பி வர நாம் துணைபோகக் கூடாது.

குழுவின் முடிவு

ஆகவே நிர்வாகக் குழு ஒருமனதாக எடுத்த முடிவுகள் இவை.

ஒன்று. யாருடைய போனிலும் அவருக்குத் தெரியாமல் எதையும் ஏற்ற நமது அறக்கட்டளை பணமோ ஆளோ தராது. அரசு மருத்துவமனையோ அங்கீகாரம் பெற்ற நிறுவனமோ முறைப்படி இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தால், சம்பந்தப்பட்டவரே கேட்டுப் புரிந்து முடிவெடுக்க உதவுவோம். தமிழிலும் மலையாளத்திலும் உருதுவிலும் விளக்கிச் சொல்ல நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டு. போன் வாங்க முன்வந்தவரிடம் பேசினோம். அந்தத் தொகையை மாத்திரைக்கும், மருத்துவமனைக்குப் போய்வரும் செலவுக்கும் மாற்றித்தர அவர் மனமுவந்து சம்மதித்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

மூன்று. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுத வேண்டும். நோயாளி நன்றாக இருக்கும் நாளில், அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். "போன முறை எனக்கு முதலில் என்ன ஆனது?" ஒருவருக்குத் தூக்கம் போகும். இன்னொருவர் குளிப்பதை நிறுத்துவார், வேறொருவர் தொழுகையில் மணிக்கணக்கில் நிற்பார், கடன் வாங்கிச் செலவு செய்வார், சமைத்ததில் விஷம் என்பார். அவரவர் அடையாளம் அவரவருக்கு. அதன் கீழே இன்னும் மூன்று வரி: அப்படி ஆனால் என்னிடம் யார் பேச வேண்டும், எந்த மருத்துவரிடம் போக வேண்டும், எது செய்யக் கூடாது. நோயுறும் காலத்தில் தமக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் 2017ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தந்திருக்கிறது. நம் தாள் அந்த உரிமைக்கு முதல் படியாக இருக்கட்டும்.

நான்கு. ஆண்கள் மூவர், பெண்கள் மூவர் என ஆறு தொண்டர்களை மனநலப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். குடும்பம் கூப்பிட்டால் இவர்கள் வருவார்கள். கூப்பிடாத வீட்டுக்குப் போகமாட்டார்கள். கேட்டதை வெளியே சொல்லமாட்டார்கள்.

அந்த அடையாளம் தெரிந்தால் உடனே என்ன செய்வது என்று கேட்பீர்கள். கூட்டம் சேர்க்காதீர்கள். "உனக்கு மறுபடி வந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். அவர் நம்பும் ஒருவர் தனியாகப் போய், "இரண்டு நாளாகத் தூங்கவில்லை போலிருக்கிறதே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வருவோமா?" என்று கேட்கட்டும். மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பாருங்கள். இரவானாலும் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். அரசின் 'டெலி மானஸ்' சேவை அது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தயங்காமல் 108ஐ அழையுங்கள்.

போன் வருங்காலத்தில் நல்ல துணையாகலாம். அந்த ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அல்லாஹ் நல்வழி காட்டட்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உதவி பெறும் குடும்பங்களுக்கான அந்தத் தாள் அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு எந்த நாளும் வந்து வாங்கிக்கொள்ளலாம். பெயர் எழுத வேண்டியதில்லை.

நோயுற்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களைத் தூங்காமல் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும் சபூரையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.